வெல்லம் ஒரு கப் என்று எழுதியவர்கள்

போன டிசம்பரில் ஓர் அம்மா போன் செய்தார். தென்னாற்காட்டுப் பக்கம், சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். நான் எழுதிய இஞ்சி பிஸ்கட் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். “மேடம், மொலாசஸ் அரை கப்னு போட்டிருக்கீங்க. மளிகைக் கடையில கேட்டா முழிக்கிறாங்க. மாட்டுத் தீவனக் கடையில இருக்காம். அஞ்சு லிட்டர் கேனாத்தான் தருவாங்களாம். அதுதானே இது?”

எனக்கு அவசரம். பொங்கல் இதழுக்குப் பன்னிரண்டு குறிப்புகள் மறுநாள் காலைக்குள் போயாக வேண்டும். “ஐயோ, அது வேண்டாம்மா. ப்ரௌன் சுகர் போட்டுக்குங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஊரில் ப்ரௌன் சுகர் எங்கே கிடைக்கும் என்று யோசிக்கவில்லை. கரும்புக் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவரிடம், வீட்டில் என்ன வெல்லம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக இதுதான் தொழில். ‘நாங்கள்’ என்று இனி சொல்லப்போவது பத்திரிகைகளில் சமையல் குறிப்பு எழுதிப் பிழைக்கிற எங்கள் கூட்டத்தை. யாரும் என்னிடம் அதிகாரம் கொடுத்துப் பேசச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலையில் கரும்புச் சாற்றுக்குச் சுண்ணாம்பு போட்டு, கந்தகப் புகை காட்டித் தெளியவைக்கிறார்கள். நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலும் இந்த முறைதான். தெளிந்த சாற்றைச் சுண்டக் காய்ச்சி, படிகம் கட்டவிட்டு, எந்திரத்தில் போட்டுச் சுற்றினால் சீனி உள்ளே நிற்கும், பாகு வெளியே தெறிக்கும். அந்தப் பாகை மறுபடி காய்ச்சி மறுபடி சீனி எடுப்பார்கள். மூன்றாம் காய்ச்சலுக்குப் பிறகு எடுப்பது கட்டுப்படியாகாது. அப்போது தார் மாதிரி மிஞ்சுகிற கழிவுப்பாகுதான் தீவனக் கடைக் கேனில் இருப்பது. அதில் பெரும்பகுதி டேங்கர் லாரி ஏறி வடிப்பாலைக்குப் போய்ச் சாராயமாகவும் எத்தனாலாகவும் மாறுகிறது. கழிவுப்பாகை வைத்திருக்கவும் கொண்டுபோகவும் 1958-லேயே இங்கே தனி விதிகள் போட்டதற்கு அதுதான் காரணம். சமையலறைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அமெரிக்கச் சமையல் புத்தகம் சொல்கிற மொலாசஸ் வேறு. கந்தகம் காட்டாத சாற்றிலிருந்து, சாப்பிடுவதற்கென்றே எடுத்த பாகு. அதை வெள்ளைச் சீனியின் மேல் திரும்பப் பூசினால் ப்ரௌன் சுகர்: நூற்றுக்கு மூன்றரைப் பங்கு பூசினால் இளம்பழுப்பு, ஆறரைப் பங்கு பூசினால் கரும்பழுப்பு. கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அதையே வாடகைக்கு வாங்கிக் கட்டிக்கொள்கிற கதை. வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் இந்தப் பாகப்பிரிவினையே நடப்பதில்லை. சாற்றில் இருந்த பாகு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆக மொலாசஸா, பழுப்புச் சர்க்கரையா என்று வெளிநாட்டுச் சமையற்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்விக்கு நம் வீட்டு வெல்லப் பானையிலேயே முக்கால் பதில் இருந்தது. நாங்கள் அந்தப் பானையின் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திறக்காததற்குக் காரணம் தெரியாமை இல்லை. கூச்சம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு ஓவன் வந்தது. கேக், பிஸ்கட், மஃபின் என்று குறிப்புகள் கேட்டார்கள். நாங்கள் வெளிநாட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எழுதித் தள்ளினோம். ‘மொலாசஸ் (பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும்)’ என்று அடைப்புக்குறி போட்டதில் ஒரு பெருமை இருந்தது. சின்ன பாட்டில் ஒன்றின் விலையில் நாலு கிலோ வெல்லம் வாங்கலாம் என்று தெரியும். எழுதவில்லை. வெல்லம் என்று எழுதினால் குறிப்பு கிராமத்துக் குறிப்பாகிவிடும், கேக்கின் மவுசு போய்விடும் என்று நினைத்தோம். மொரீஷியஸ் மஸ்கவாடோ பாக்கெட்டைப் பற்றி நானே ஒரு பக்கம் உருகியிருக்கிறேன். 1834-லிருந்து அந்தத் தீவில் கரும்பு வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களில் தமிழர்கள் எத்தனையோ பேர். அந்த மண்ணின் சர்க்கரையை ‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று எழுதிய நாளிலும் எனக்கு அவர்கள் நினைவு வரவில்லை. ஃபிஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி எழுதிய பாட்டைப் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான்.

சரி, வெல்லத்தைப் பற்றி எழுதவே இல்லையா என்றால், எழுதினோம். எப்படி எழுதினோம் என்பதுதான் கேவலம். ‘வெல்லம் – 1 கப்.’ அவ்வளவுதான். எந்த வெல்லம்? அச்சு வெல்லமா, உருண்டை வெல்லமா, மண்டை வெல்லமா, பாகு வெல்லமா? பொடித்து அமுக்கி அளந்த கப்பா, கட்டிகளாகப் போட்டு இடைவெளியோடு அளந்த கப்பா? இரண்டுக்கும் எடையில் பெரிய வித்தியாசம். வெண்ணெய்க்கும் மைதாவுக்கும் கிராம் கணக்குப் போடுவோம், வெல்லத்துக்கு ‘தேவையான அளவு’. அதிரசத்துக்கு எந்த வெல்லமும் ஆகாது என்று எங்கள் அம்மா தலைமுறைக்குத் தெரியும். கடையில் ஒரு துணுக்கை வாங்கி வாயில் போட்டு, உப்புக் கரித்தால் வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள். பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் திரட்டினால் முத்து மாதிரி உருள வேண்டும். கரைந்தாலும் தப்பு, டங்கென்று சத்தம் போட்டாலும் தப்பு, சத்தம் போடுவது கடலை உருண்டைக்கு. இதை ‘உருட்டுப் பதம் வந்ததும் இறக்கவும்’ என்று ஒரே வரியில் சுருக்கினோம். இடமில்லை என்பது சாக்கு. அதே பக்கத்தில் சில்வர் ஃபாயில் கிழிக்காமல் எடுப்பது எப்படி என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறோம்.

ஒரு ஆடி மாத இதழில் ‘பால் கொதிக்கும்போது வெல்லத்தைச் சேர்க்கவும்’ என்று என் பெயரிலேயே வந்தது. எத்தனை வீட்டில் பாயசம் திரிந்ததோ. வெல்லத்தில் புளிப்புத் தன்மை உண்டு, கொதிக்கிற பாலில் போட்டால் திரியத்தான் செய்யும். வெல்லத்தைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பாலில் சேர்ப்பது சமையல் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் தெரிந்த சங்கதி. வாசகிகளின் கடிதங்கள் வந்தன. ‘வெல்லத்தில் கலப்படம் இருந்திருக்கும்’ என்று பதில் போட்டோம். பழியைத் தூக்கி, பார்த்தே இராத ஒரு வெல்லக்காரர் தலையில் வைத்தோம்.

அந்த வெல்லக்காரரை நான் நேரில் பார்த்தது பல வருஷம் கழித்து. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதில் சேரும் நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் எடுப்பது என்று படித்தேன். குறிப்பு எழுதத் தொடங்கிப் பதினைந்து வருஷம் தாண்டித்தான் இது எனக்குச் செய்தி. அந்த வட்டாரத்தில் ஓர் ஆலைக்கொட்டாய்க்குப் போனேன்.

விடியற்காலம். கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுகிறார்கள், புகை கண்ணைக் கரிக்கிறது. ஆள் படுக்கிற அகலத்துக்குக் கொப்பரை. சாறு சூடேறும்போது சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினார்கள். அழுக்குப் பச்சையும் கறுப்புமாகத் திரண்டு மேலே வர, நீளக் கரண்டியால் அள்ளி அள்ளி எறிந்தார் ஒருவர். முன்னெல்லாம் வெண்டைத் தண்டை நசுக்கி அந்தக் கொழகொழத் தண்ணீரை விடுவார்களாம், அதுவே அழுக்கைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுமாம். பொங்கி வந்தால் அடங்க ஒரு சொட்டு எண்ணெய். சாறு பாகாகி, குமிழ் பெரிதாகி, ‘தொப் தொப்’ என்று வெடிக்கிற நேரத்தில் பெரியவர் துளி எடுத்து வாளித் தண்ணீரில் விட்டார். திரட்டி எடுத்து வாளியின் விளிம்பில் தட்டினார். தலையசைத்தார். நாலு பேர் கொப்பரையைத் தூக்கித் தொட்டியில் சாய்த்தார்கள். நூறு கிலோ கரும்புக்குப் பத்துக் கிலோவை ஒட்டித்தான் தேறும் என்றார். துடுப்பால் ஓயாமல் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்கினால் நாட்டுச் சர்க்கரை. சூட்டோடு துணியில் அள்ளி உருட்டினால் உருண்டை வெல்லம்.

நடுவில் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பவுடரை ஒரு கை அள்ளித் தூவினார். பழுப்பாக இருந்த பாகு கண்ணெதிரே மஞ்சளாக வெளுத்தது. ஹைட்ரோஸ். துணிக்கு நிறம் வெளுக்கப் போடுகிற சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் அதுதான். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

“ஏனுங்கம்மணி, மஞ்சளா இருந்தாத்தானுங்க வாங்கறீங்க. கறுப்பாக் கொண்டு போனா மண்டியில சிப்பத்துக்குக் கொறச்சுத்தான் கேப்பாங்க. நாங்களா போடோணும்னு போடறோம்?” என்றார். பிறகு உள்ளே போய் ஒரு தூக்குப்போசியைக் கொண்டுவந்து திறந்தார். கரிய பழுப்பில், ஓரம் கொஞ்சம் கசிந்து, மெத்தென்று ஒரு கட்டி. “இது ஊட்டுக்குக் காச்சுனதுங்க. இதுல ஒண்ணும் போடறதில்லீங்.” ஒரு துண்டு பிட்டுக் கையில் வைத்தார். முதலில் இனிப்பு, அப்புறம் லேசான உப்பு, கடைசியாகத் தொண்டையில் ஒரு கசப்பு நின்றது. நாலு மடங்கு விலை கொடுத்து பாட்டிலில் நான் வாங்கிக்கொண்டிருந்த அதே கசப்பு.

வெல்லத்தை மஞ்சளாக்கியது யார்? பாதி நாங்கள்தான். எங்கள் பக்கங்களில் ‘நல்ல வெல்லம் தேர்ந்தெடுப்பது எப்படி’ என்று ஒரு துணுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரும். ‘பொன்னிறமாக, பளிச்சென்று, கெட்டியாக இருக்க வேண்டும், கறுத்த வெல்லம் பழையது, அழுக்கு’ என்று நானே எழுதியிருக்கிறேன். படமெடுக்கும்போது கறுப்பு வெல்லம் தட்டில் எடுப்பாக இல்லை என்று மஞ்சள் வெல்லத்தை மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சேலத்தில் ஓமலூர் வட்டாரத்து வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டு, பாகில் கலக்க அடுக்கியிருந்த வெள்ளைச் சீனி மூட்டைகளைப் பிடித்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் ‘அய்யோ, கலப்படம்’ என்று அலறுவோம். சீனி கலந்தால் நிறம் வெளுக்கிறது, கட்டியாகிறது, எடையும் கூடுகிறது. நாங்கள் கேட்ட லட்சணமெல்லாம் அதில் கிடைக்கிறது.

ஹைட்ரோஸ் போட்ட நிறம் நிலைக்கவும் நிலைக்காது. சில வாரத்தில் வெல்லம் தன் பழுப்புக்கே திரும்பிப் போகும். அதையும் ‘கெட்டுப்போச்சு’ என்று தூக்கி எறிவோம். ஒக்கினாவாவில் இதே சரக்கை, கொகுதோ என்று பெயர், கன்னங்கரேலென்று காய்ச்சி, எந்தத் தீவில் விளைந்தது என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். கொல்காபூர் வெல்லத்துக்குக் குறியீடு உண்டு. உடன்குடிக் கருப்பட்டிக்கும் கிடைத்துவிட்டது. எங்கள் குறிப்புகளில் ஓர் ஊர்ப் பேரும் இல்லை. பாசுமதி என்று எழுதுவோம், பொன்னி என்று எழுதுவோம். வெல்லம் மட்டும் அனாதை.

பெயரில் இன்னொரு கூத்தும் அடித்தோம். சர்க்கரை என்றால் இந்த மொழியில் பழுப்பானதுதான். சர்க்கரைப் பொங்கலே சாட்சி. வெள்ளையாக வந்ததற்கு வேறு பெயர்கள் தேவைப்பட்டன. தெற்கே அதைச் சீனி என்றார்கள், சீனத்தை நினைத்து. வடக்கே அஸ்கா என்றார்கள்; அது அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த கஞ்சம் ஜில்லாவின் ஆலை ஊர். நாங்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளையைச் சர்க்கரை என்று எழுதி எழுதியே பழையதை அந்தச் சொல்லிலிருந்து காலி செய்தோம். ‘நாட்டு’ என்ற ஒட்டு அப்புறம் தேவைப்பட்டது, கோழிக்கு ஆனமாதிரி.

கனடாவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து வாசகி எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. ‘அக்கா, நீங்கள் சர்க்கரை எண்டு எழுதியிருந்தனீங்கள், நான் சர்க்கரைதான் போட்டனான். கேக் நல்ல மண்ணிறமா வந்தது. பிள்ளையள் ஒரு துண்டும் மிச்சம் வைக்கேல்லை. ஆனா படத்தில வெளிறி இருக்குது. நான் ஏதும் பிழை விட்டனானோ?’ அவர் ஊரில் சர்க்கரை என்றால் சர்க்கரை. வெள்ளையாக இருந்தால் சீனி. பிழை அவருடையதில்லை. அன்றைக்கே அந்தக் கேக்கை அவர் செய்தபடி செய்து பார்த்தேன். வெண்ணெயும் சீனியும் சேர்த்து அடிக்கும்போது சீனியின் கூரிய துகள்கள் வெண்ணெய்க்குள் காற்றை அடைத்துவைக்கும், நாட்டுச் சர்க்கரை அவ்வளவு அடைக்காது. அதனால் கேக் ஒரு விரற்கடை உயரம் குறைந்தது. ஆனால் மூன்றாம் நாளும் ஈரம் போகவில்லை. நாட்டுச் சர்க்கரை காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வாசனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனையும் தெரிந்த பிறகு நான் செய்தது என்ன? ‘சர்க்கரை என்பது வெள்ளைச் சர்க்கரையைக் குறிக்கும்’ என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டேன். அவருடைய கேக்கை அச்சில் ஏற்றவில்லை.

2022 பொங்கலுக்கு ரேஷனில் கொடுத்த 21 பொருள்களில் வெல்லமும் இருந்தது. ஒழுகுகிறது, உருகுகிறது என்று ஊரெல்லாம் படம் போட்டார்கள். தரக்குறைவான சரக்கு வந்தது பற்றிப் புகார்களும் அரசியலும் தனிக்கதை. எங்கள் வேலை வேறாக இருந்திருக்க வேண்டும். வெல்லம் ஏன் கசிகிறது, முற்றாத கரும்பும் சரியாக இறங்காத பதமும் ஈரக்காற்றும் என்ன செய்யும், கசிந்ததில் எதைப் பாகாக்கலாம், எதைத் தூக்கிப் போடவேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள். நாங்களும் மீம்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். மறு வருஷம் பச்சரிசி, சீனி, முழுக்கரும்பு, ஆயிரம் ரூபாய் என்று ஆனது. வெல்லம் போய்விட்டது. அந்தப் பொங்கலுக்கு நான் எழுதிய குறிப்பு: ரேஷன் சீனியைக் கருகக் காய்ச்சி, பொங்கலுக்கு வெல்லத்தின் நிறம் கொண்டுவருவது எப்படி. நிறைய பேர் பாராட்டினார்கள்.

இன்னொரு பொய்யையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆரோக்கிய அலை அடித்தபோது ஒரே பல்டியாக அடித்து, ‘வெல்லம் சர்க்கரை நோய்க்காரர்களும் சாப்பிடலாம்’ என்று பாடினோம். என் பெரியப்பா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் தினமும் காபியில் நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடித்தார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பார்த்தபோது டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பெரியப்பா சட்டைப்பையிலிருந்து என் குறிப்பை எடுத்து நீட்டியிருக்கிறார். வெல்லத்திலும் பெரும்பங்கு சர்க்கரைதான். கூட இருக்கிற இரும்பும் உப்புகளும் கொஞ்சம்தான். ருசிக்காகச் சாப்பிட வேண்டியதை மருந்தாக்கி விற்றோம். இப்போதும் விற்கிறார்கள்.

தை பிறந்து பத்து நாள் கழித்து அந்த அம்மாவின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். யாரென்றே அவருக்கு முதலில் புரியவில்லை. சொன்னேன்: வீட்டில் கறுப்பு வெல்லம் இருந்தால் முக்கால் பங்கு வெல்லத்துக்குக் கால் பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, ஆறவிடுங்கள். தேன் மாதிரி இருந்தால் போதும், பதமெல்லாம் பார்க்க வேண்டாம். மொலாசஸைவிட இது இனிப்புக் கூட, அதனால் குறிப்பில் போட்டிருக்கிற சீனியில் நாலு ஸ்பூன் குறையுங்கள். ஆப்ப சோடா சொன்ன அளவே போடுங்கள், வெல்லத்தின் புளிப்பு அதைத் தூக்கிக்கொடுக்கும். கசப்பு இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் பாதி வெல்லம், பாதி கருப்பட்டி. என்னைக் கேட்டால் இஞ்சிக்குக் கருப்பட்டிதான் ஜோடி, அந்தப் புகை வாசனைக்காகவே.

“மாமனார் வீட்டு வெல்லம் கறுப்பாத்தான் இருக்கும். பிள்ளைத்தாச்சி மருந்துக்குன்னு வச்சிருக்கோம்” என்றார்.

“அதுதாம்மா. அதையே போடுங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“மேடம், அந்தத் தீவனக் கடைக் கேனு அன்னைக்கே வாங்கிட்டேனே. அஞ்சு லிட்டர். அதை என்ன பண்றது?”

“மாட்டுக்குத்தான் வைக்கணும்.”

“எங்ககிட்ட மாடு இல்லியே” என்றார். பக்கத்து வீட்டில் ரெண்டு இருக்கிறதாம், கொடுத்துவிடுகிறேன் என்றார்.